ஜாமீன்

கொரடாச்சேரி ரயில்வே கேட்டில்
கூட்ஸ் போகட்டும் என்று நின்றேன்.
நான் நின்றேன்,
சைக்கிள் நிற்கவில்லை.
கேன் மூடி தெறித்து
இருபது லிட்டர் டீ
சரிவில் ஓடியது, ஏலக்காய் வாசத்தோடு,
தண்டவாளத்தைப் பார்த்து.
ஸ்டாண்டின் ஒரு கால் துருவோடு
கையில் வந்துவிட்டது.

"இந்த மாடலுக்கு இப்ப வர்றதில்லக்கா.
புது வண்டியே எடுத்துருங்க"
என்றான் மரியநேசன்.
எடுத்துவிடலாம்.
வெண்ணாற்றுக்கு முறை வைத்துத் திறக்கிற மாதிரி
எனக்கும் யாராவது திறந்துவிட்டால்.

வேறு ஊராயிருந்தால்
பெடலுக்கு அடியில் ஒரு கல்லை வைத்திருப்பேன்.
இங்கே கல் ஏது.
ஆறு கொண்டுவந்து கொட்டியது அத்தனையும் வண்டல்.
கல்லென்று இருப்பது கோயிலில் இருக்கிறது,
இல்லாவிட்டால்
சர்வேக்காரர் நட்டுவிட்டுப் போனது.
இரண்டையும் தொட முடியாது.

முதலில் பூவரசங் கவட்டை.
வாய்க்கால் ஓரம் வெட்டி
பாருக்கு அடியில் முட்டுக் கொடுத்தேன்.
வீட்டுச் சிமெண்டில் ஜம்மென்று நின்றது.
வரப்பில்,
டம்ளரை எடுத்துத் திரும்புவதற்குள்
அரை முழம் இறங்கி
துளிர்க்கலாமா என்று பார்த்தது.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன்.
இதே சேற்றில்தானே நிற்கிறது மடையான்,
அந்தக் குச்சிக் காலில்,
மணிக்கணக்காக?
விரல்.
விரித்து வைத்த விரல்.

விடிந்ததும் பழைய ஜன்னல் கம்பி ஒன்றை
புடவைத் தலைப்பால் அளந்தேன்.
கேரியரிலிருந்து தரைவரை,
அதற்குமேல் நாலு விரற்கடை,
சேறு தின்பதற்கு.
ஒரு நுனியை டீ அடுப்பில் சிவக்கவிட்டு
கைப்பம்பின் கழுத்தில் கொடுத்து
கொக்கியாக வளைத்தேன்.
மறு நுனியில் மரை போட்டுக் கொடுத்தான் மரியநேசன்:
முப்பது ரூபாய், ஒரு டீ.

பாதத்துக்குத்தான் அலைச்சல்.
பெயின்ட் டப்பா மூடி மடங்கிப் போனது.
கொட்டாங்கச்சி வெடித்தது.
பரணில் கைவிட்டுத் துழாவியதில் வந்தது
கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தட்டு,
விளிம்பில் புள்ளி புள்ளியாக
"அன்பளிப்பு: க. உத்திராபதி, நீடாமங்கலம்."

உத்திராபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
டிராக்டர் லோனுக்கு
என் வீட்டுக்காரர் அவருக்கு ஜாமீன் நின்றார்.
இவர் நின்றார்.
உத்திராபதி நிற்கவில்லை.
டிராக்டரும்தான்.
ஒன்பது வருசமாக இந்த டீயில் பாதி
பேங்குக்குக் கொதிக்கிறது.

தட்டைக் கவிழ்த்துப் போட்டு
நட்ட நடுவில் ஆணி வைத்து அடித்தேன்.
ஓட்டை விழ எட்டு அடி போதும்,
இருபது அடித்தேன்.
வாஷர், நட்டு, அதற்குமேல் இன்னொரு நட்டு.

சம்பா அறுப்பு, நேற்றைய மழை.
செயின் வண்டி உழப்பிப் போட்ட கரையில்
கொக்கியைக் கேரியரில் மாட்டி
கேனை ஏற்றி
கையை எடுத்தேன்.
முதலில் ஒரு கை.
ஒரு அங்குலம் இறங்கியது.
யோசித்தது.
நின்றது.
இடப்பக்கம் லேசாகச் சாய்வுதான்,
அதை நான் சரிசெய்யப் போவதில்லை.
குழாய் இருப்பது அந்தப் பக்கம்,
கடைசி டம்ளர் தானாக வரும்.

கிளம்பும்போது பிடுங்கினால்
சேற்றில் ஒரு வட்டம்,
வட்டத்தின் விளிம்பில் எழுத்து.
ஆத்தூரிலிருந்து வந்த மிஷின் டிரைவர்
டம்ளரோடு குனிந்து
எழுத்துக் கூட்டினான்:
"தி... ப... ரா... என்னக்கா பாஷை இது?"
"தமிழ்தான். திருப்பிப் படி."
படித்தான்.
"யாரு அவரு?"
"என் சைக்கிளுக்கு ஜாமீன்."

சிரித்தான். நல்ல பையன்தான்.
"நாலு டீக்கா. காசு நாளைக்குத் தர்றேன்,
வண்டி இங்கதான நிக்கப்போவுது."

ஸ்டாண்டை மறுபடி ஊன்றினேன்,
காய்ந்த இடமாகப் பார்க்காமல்
அவன் வண்டி திரும்புகிற இடத்தில்.
அறுபது ரூபாய் வரும்வரைக்கும்
மூன்று பேரும் நின்றோம்,
நானும் சைக்கிளும்
உத்திராபதியும்.